வேறு வீட்டில் இருக்கும் மூடி

மேல் வீட்டில் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். காலையிலிருந்து ஒரு சத்தம் கூரை வழியாக இறங்கி வந்துகொண்டிருக்கிறது. ஈரமான பீங்கானைச் சொரசொரப்பான எதன் மீதோ வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்க்கும் சத்தம். கர்ர் என்று ஆரம்பித்து, தண்ணீர் விட்டதும் ஷ்ஷ் என்று தணிந்து, மறுபடியும் கர்ர். எதிர் வீட்டுக்காரர்கள் புகார் எழுதி, கையெழுத்துக் கேட்டு வந்தார்கள். நான் போடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை அந்தச் சத்தத்துக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு அந்தச் சத்தத்துக்கு ஒரு முகம் உண்டு. பெயர் இல்லை. மூன்று தடவை பார்த்தும் பெயரைக் கேட்கவில்லை. மண்டபத்தில் எல்லோரும் மூடிக்காரர் என்றார்கள். அதற்குமேல் ஒரு பெயர் அவருக்குத் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அம்பத்தூரில் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கும் அந்தக் கல்யாண மண்டபம் அப்போது காலியாகக் கிடக்கும். அந்த இரண்டு மாதங்களிலும் மூன்று மூன்று நாள், பழைய கண்ணாடி, பீங்கான், மண் சாமான்களின் கண்காட்சியும் விற்பனையும் அங்கே நடக்கும். மணமக்கள் உட்காரும் இரண்டு சிவப்பு நாற்காலிகளிலும் விளக்குச் சிம்னிகள் உட்கார்ந்திருக்கும். பந்தி மேசைகளில் காகிதம் விரித்து, இலை போட வேண்டிய இடத்தில் பூப்போட்ட தட்டுகள், மருந்து அளவுக்கோடு போட்ட சீசாக்கள், கோலி சோடா பாட்டில்கள், காது உடைந்த கோப்பைகள், மண் கூஜாக்கள். உடைய வேண்டியவை எல்லாம் எப்படியோ உடையாமல் வந்து சேர்ந்திருக்கும். அந்த ஹாலில் யாரும் வேகமாக நடக்க மாட்டார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள்கூடக் குழந்தையைக் கொஞ்சம் கவனமாகப் பிடித்திருப்பது போல எனக்குத் தோன்றும்.

அவர் ஹாலுக்குள் இருக்க மாட்டார். சாப்பாட்டுக் கூடத்தின் கடைசியில், கை கழுவும் குழாய்கள் வரிசையாக இருக்குமே, அங்கே. பால் வண்டியில் கழித்துப் போட்ட நீலப் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருப்பார். காக்கிக் கால்சட்டை, சட்டைப் பையில் இரும்பு ஸ்கேல், கயிறு கட்டிய கண்ணாடி. முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை. அதன்மேல் நனைந்த உப்புத்தாள். பக்கத்தில் இரண்டு கோணிப்பை நிறைய மூடிகள். ஊறுகாய் ஜாடி மூடி, தேநீர்க் கெண்டி மூடி, சர்க்கரைக் கிண்ண மூடி. எல்லாம் மூடி மட்டும்தான். ஜாடி ஒன்றுகூட அவரிடம் இல்லை.

ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் பரிசோதகராக இருந்தவர். வருகிற ஒவ்வொரு உதிரியையும் அளந்து, தேறும் தேறாது என்று சொல்வதுதான் வேலை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் கை அளப்பதை நிறுத்தவில்லை. பழைய இரும்புக் கடைகளில் வாங்குவோர் இல்லாமல் கிடந்த மூடிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். ஜாடி உடைந்தால் ஜாடியைத் தூக்கிப் போடுகிறார்கள், மூடி மிஞ்சுகிறது. மூடி உடைந்தால் ஜாடியைப் பரணில் ஏற்றுகிறார்கள். இரண்டு பக்கமும் வீண். அதைப் பொறுக்க முடியவில்லை அவருக்கு. அவ்வளவுதான் அவருடைய வேதாந்தம்.

ஜாடியை யார் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு வாயின் உள்விளிம்பில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டுவார். அப்புறம் வெர்னியர் அளவுகோலை வைத்து அளப்பார். அப்புறம் அலுமினியத் தகட்டில் தானே வெட்டிய வட்டங்களிலிருந்து இரண்டை எடுப்பார். ஒன்று கொஞ்சம் சின்னது, ஒன்று கொஞ்சம் பெரியது.

"ஒண்ணு உள்ள போவணும். ஒண்ணு போவக் கூடாது. ரெண்டும் போனா தப்பு. ரெண்டும் போவலன்னாலும் தப்பு. அவ்ளோதாம்மா பரிசோதன."

பொருந்துகிற மூடியைக் கோணிப்பைக்குள் கை விட்டுத் துழாவி எடுத்து, இறுக்கமாக இருந்தால் உப்புத்தாளில் வைத்துத் தேய்ப்பார். கர்ர். ஷ்ஷ். கர்ர். சரியாக உட்கார்ந்த பிறகும் தேய்ப்பார். அங்கேதான் எல்லோரும் அவரோடு சண்டைக்குப் போவார்கள்.

பூந்தமல்லியிலிருந்து வருகிற ஒரு வியாபாரி, மண்டபத்திலேயே பெரிய கடை போடுபவர், ஒருமுறை வாய்விட்டே கத்தினார். "நைனா, கும்முனு உக்காந்துச்சே, அப்பால எதுக்கு தேய்க்கிற? இப்ப பாரு, லொட லொடன்னு ஆடுது."

"அரை நூல் ஆடும். ஆடட்டும்."

நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. தச்சர்களும் பட்டறைக்காரர்களும் சொல்கிற கணக்கு. அரை நூல் என்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

"கஸ்டமருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"ஊறுகா பொங்கும்னு சொல்லு. இறுக்கி மூடினா அது மூடியத் தூக்கி அடிக்கும். ஆடுற மூடி ஒடையாது. ஆடாத மூடிதான் ஒடையும்."

"நீ இப்ப ஃபேக்டரில இல்ல நைனா. ரிட்டயர் ஆயிட்ட."

"நான் ஆயிட்டேன். அளவு ஆவல."

அதே வியாபாரியின் ஒரு விற்பனையை அவர் கெடுத்ததையும் பார்த்திருக்கிறேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்பு ஜாடி. எட்டுப் படி கொள்ளும் என்று சொல்லி ஒரு தம்பதிக்கு ஏறக்குறைய விற்றாகிவிட்டது. மூடி பொருத்த இங்கே அனுப்பினார்கள். வந்தவர்கள், எட்டுப் படி கொள்ளுமா என்று இவரையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். இவர் ஜாடியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், படியை எடுத்துத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். "ஏழேகால்," என்றார். தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வியாபாரி தலையில் அடித்துக்கொண்டார். "முக்காப் படிக்கு ஒரு யாவாரத்தையே கவுத்துட்டியே, நீ சொல்லாம இருந்தா இன்னா?"

"சொல்லாம இருந்திருப்பேன். என்னக் கேட்டாங்களே."

இத்தனைக்கும் யாரிடமும் காசு வாங்கியதில்லை. வீட்டில் சும்மா கிடக்கிற மூடி ஏதாவது இருந்தால் அடுத்த தடவை கொண்டுவரச் சொல்வார். அவ்வளவுதான். வேலப்பன்சாவடிப் பக்கம் புதுக் குடித்தனம் வைத்த ஒரு பையனும் பெண்ணும் குடை போட்டு வைப்பதற்காக ஒரு ஜாடி வாங்கி வந்திருந்தார்கள். குடைக்கு எதற்கு மூடி என்று அவர்களே சிரித்தார்கள். வியாபாரி சொன்னதால் வந்ததாகச் சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை. அதே வெர்னியர், அதே இரண்டு தகடு, அதே கால் மணி நேரம். மூடியைத் துணியில் சுற்றி அந்தப் பெண்ணிடம் தந்து, "பரண்ல போட்டு வையி. குடை பழசாவும். மனசு மாறும்," என்றார்.

என் கதைக்கு வருகிறேன். இத்தனை நேரம் சுற்றிச் சுற்றித் தேய்த்ததே அதற்குத்தான்.

அவரிடம் மூடி கேட்டு யார் வந்தாலும் அளப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே தொனி, ரேஷன் கடையில் அட்டை கேட்பது போல.

"பழைய மூடி ஒடஞ்சிதா, தொலஞ்சிதா, இல்ல வேற ஊட்ல கீதா?"

உடைந்தது என்றால் தருவார். தொலைந்தது என்றால் தருவார். வேறு வீட்டில் இருக்கிறது என்றால் தர மாட்டார். மாமியார் வீட்டில் இருந்தாலும் சரி, விவாகரத்தான கணவன் வீட்டில் இருந்தாலும் சரி, காலி செய்து வந்த பழைய வீட்டின் பரணில் இருந்தாலும் சரி. "உசுரோட கீற மூடிக்கு பதில் மூடி நான் குடுக்கறதில்ல," என்பார். கெஞ்சியவர்களைப் பார்த்திருக்கிறேன். திட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு தோல் நோட்டில் ஜாடியின் அளவை மட்டும் குறித்துக்கொண்டு, "அடுத்து யாரு?" என்பார்.

முதல் ஆடியில் வரிசையில் நிற்கும்போதே எனக்கு முன்னால் இருந்தவர்கள் பதில் சொல்வதைக் கேட்டுவிட்டேன். ஆகவே என் முறை வந்தபோது தயாராக இருந்தேன்.

"ஒடஞ்சிடுச்சி."

"எப்படி?"

"கீழ விழுந்து."

"யார் கையிலேர்ந்து?"

நான் குழாயைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "முன்னாடி போச்சே ஒரு அம்மா, அதுங்கூட மூடி ஒடஞ்ச கதையச் சொல்லிச்சி. பூன வந்தது, மருமக கத்தினது, அன்னிக்கு அமாவாசன்னு கால் மணி நேரம் சொல்லிச்சி. நெசமா ஒடஞ்ச கதைய யாரும் ரெண்டு வார்த்தையில முடிக்க மாட்டாங்கம்மா. வேற ஊட்லதான கீது?"

அதற்குள் அவர் கை கோணிப்பையிலிருந்து ஒரு மூடியை எடுத்திருந்தது. என் ஜாடியின் வாயில் வைத்தார். தேய்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அரை நூல் ஆடியது, அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். பிறகு அதை எடுத்துத் திரும்பக் கோணிப்பைக்குள் போட்டுவிட்டார். நோட்டில் எழுதினார். நாலு இஞ்ச், மூணு நூல்.

வேறு வீடு என்பது ஆவடியை ஒட்டிய கோவில்பதாகை. அக்காவின் வீடு.

அம்மா கடைசி ஏழு மாதம் படுக்கையில் இருந்தாள். அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தாள், பார்த்துக்கொண்டாள். நான் கொரட்டூரில் இருந்தேன். ரயிலேறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. எனக்கு வேலை இருந்தது, பிள்ளைக்குப் பரீட்சை இருந்தது, ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருந்தது. காரியம் முடிந்த மறுவாரம் அம்மா இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தோம். அக்கா ஊறுகாய் ஜாடியைத் தரையில் வைத்து, அதன் மூடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே, அம்மா கடைசி வாரம் என் பேரைச் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். குற்றம் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள். நான்தான் கேட்டேன்: "இந்த ஜாடி, பாத்திரம் எல்லாத்தையும் நீயே வச்சிக்கோ. அதுக்குத்தான பாத்துகின?"

அக்கா துடைப்பதை நிறுத்தினாள். எழுந்தாள். வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினாள். துடைத்துக்கொண்டிருந்த மூடி அவள் கையிலேயே போனது. ஜாடி என் காலடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஆறு வருடம் நாங்கள் பேசவில்லை. அவள் எண் என் போனில் இருந்தது. நல்ல நாட்களில் அதை எடுத்துப் பார்ப்பேன். கெட்ட நாட்களிலும்.

ஒரு மூடி கிடைத்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். ஜாடி மூடியிருந்தால் அது ஜாடி மட்டும்தான். திறந்திருந்தால்தான் அது அந்த நாள்.

மார்கழியில் என் வீட்டுக்காரரை அனுப்பினேன். என்ன கேட்பார், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தி அனுப்பினேன். பூனை, அமாவாசை எல்லாம் சேர்த்து நானே ஒரு கதை கட்டிக் கொடுத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் வெறும் ஜாடியோடு திரும்பி வந்தார்.

"கதையே கேக்கல. வெரல வச்சான், ‘இந்த ஜாடிய எனக்குத் தெரியும், அந்தம்மாவ வரச் சொல்லு’ன்னான். டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டான்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"டீக்கு சக்கர போதுமான்னு கேட்டான்."

எனக்கு அவர்மீது கோபம் வந்தது. ஊரில் பழைய சாமான் விற்கிறவர்கள் எத்தனை பேர், எங்கே போனாலும் ஒரு மூடி கிடைக்காதா? போய்ப் பார்த்தேன். பாடியில், திருமுல்லைவாயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட் வரை. கிடைத்தவை எல்லாம் ஒன்று உள்ளே விழுந்தன, இல்லை மேலே நின்றன. அவருடைய இரண்டு தகடுகளும் என் தலைக்குள் புகுந்துகொண்டு ஒவ்வொன்றையும் தள்ளுபடி செய்துகொண்டிருந்தன.

அடுத்த ஆடி, சனிக்கிழமை, கண்காட்சியின் இரண்டாம் நாள். சண்டை போடத்தான் போனேன். குழாயடியில் கூட்டம் இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் தேய்ப்பதை நிறுத்தி, கையைக் கால்சட்டையில் துடைத்து, நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"நல்ல வேள வந்த. நேத்து சாயங்காலம் ஒரு அம்மா வந்துச்சி. கையில வெறும் மூடி. இதுக்கு ஒரு ஜாடி கெடைக்குமான்னு கேட்டுச்சி. ஜாடி ஒடஞ்சிதா, தொலஞ்சிதா, வேற ஊட்ல கீதான்னு கேட்டேன். பேசல. அளந்தேன். நாலு இஞ்ச் மூணு நூல்."

என் கையிலிருந்த பை கனத்தது.

"பாக்க எப்படி இருந்தாங்க?"

"மொகத்த நான் எங்க பாத்தேன், மூடியத்தான் பாத்தேன். உள்பக்கம் மஞ்சக் கற இருந்திச்சி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன்கிட்ட சொன்னதத்தான். உசுரோட கீற ஜாடிக்கு பதில் ஜாடி கெடையாதுன்னேன். போயிடிச்சி."

மாடிப்படிக்குப் பக்கத்தில் மணப்பெண் அறை திறந்து கிடந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் எந்தெந்தக் கல்யாணத்துப் பெண்களோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள், என் நெற்றி உயரத்தில், கன்ன உயரத்தில், கண்ணுக்கு மேல். அவற்றுக்கு நடுவில் நின்றுகொண்டு எண்ணை அழுத்தினேன். நாலாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லு."

யார் என்று கேட்கவில்லை. என் எண்ணை அவளும் அழிக்கவில்லை.

"நேத்து அம்பத்தூர் மண்டபத்துக்கு வந்தியாக்கா?"

"எந்த மண்டபம்?"

"பழைய சாமான் கண்காட்சி. அம்மா ஜாடியோட மூடிய எடுத்துகினு."

"நான் எதுக்குடி வரப் போறேன்? முட்டி வலியில தெரு முனைக்கே போறதில்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "மூடி இங்கதான் கீது. தயிர்ச் சட்டி மேல. ஆறு வருசமா அதத்தான் மூடிகினு கீது."

"தயிர்ச் சட்டி மேலயா?" என்றேன்.

கண்ணாடியில் என் முகம் ஏமாந்து நின்றது. முக்கால் படிக்கு வியாபாரத்தைக் கவிழ்த்த மனுஷன். கேட்டால் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அவரா என்னிடம் பொய் சொன்னார்? வைத்துவிடலாம் என்று நினைத்தேன். சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் எடுத்த குரல் காதுக்குள் இருந்தது. அதை எப்படி மறுபடி வெளியே அனுப்புவது?

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது..."

"இன்னா சொன்ன?"

அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டாள். என் வாயாலேயே முழுசாக வர வேண்டும் என்று கேட்டாள். பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எல்லாத்தையும் நீயே வச்சிக்கோ, அதுக்குத்தான பாத்துகினன்னு கேட்டேன்."

"ம்."

"அது அபாண்டம். நான் வராதத மறைக்கறதுக்குச் சொன்னது. அம்மா என் பேரச் சொன்னத உன் வாயால கேக்க முடியாம சொன்னது."

அந்தப் பக்கம் குக்கர் சீறியது. ஒரு முறை. இன்னொரு முறை.

"இரு, அடுப்ப அணைச்சிட்டு வரேன்."

வர மாட்டாள் என்று நினைத்தேன். பாத்திரம் நகர்கிற சத்தம், குழாய்ச் சத்தம், யாரோ டிவியைக் குறைக்கிற சத்தம். அந்த வீட்டின் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டபடி நின்றேன். பிறகு மூச்சு கேட்டது.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஜாடிய எடுத்துகினு வா. மூடிய நான் எடுத்துகினு வர மாட்டேன். நீதான் வரணும்."

"வரேன்."

"காலையிலயே வா. வெயில் ஏறிடும்."

வெளியே வந்தபோது அவர் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. எனக்கும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்ற பயம்தான்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது அந்த மார்கழியில். அக்காவோடு போனேன். முட்டி வலியோடு ஆட்டோவில் வந்து இறங்கி, ஜாடியை நான் வாங்கப் போனதும் என் கையைத் தட்டிவிட்டு, தானே இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். மூடி மேலே இருந்தது. நடக்க நடக்க அது கிண் கிண் என்றது. உள்ளே நார்த்தங்காய்.

குழாயடியில் அவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஓசூரில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போகிறாராம். கோணிப்பைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கயும் மூடியா?" என்று கேட்டேன்.

"ஓசூர்ல ஜாடி இல்லியா?"

அக்கா ஜாடியை அவர் முன்னால் வைத்தாள். "ஏங்க, நான் எப்போங்க இங்க வந்தேன்?"

"நீங்க யாரு?"

"இந்த மூடிக்குச் சொந்தக்காரி."

அவர் மூடியை எடுத்துத் திருப்பினார். கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "மஞ்சக் கற கீதா?"

"ஊறுகா மூடியில மஞ்சக் கற இல்லாம சந்தனமா இருக்கும்?"

வெர்னியரை வைத்தார். அளவை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நாலு இஞ்ச் மூணு நூல். "அப்ப வந்தது நீங்கதான்," என்று சொல்லிவிட்டுத் தைக்கிற ஊசியை எடுத்துக்கொண்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் விடவில்லை. "முக்காப் படி விட்டுக் குடுக்காத ஆளு நீங்க. என்கிட்ட மட்டும் பொய் சொல்லிட்டீங்களே?"

"அளவு இன்னா தப்பா சொன்னேன்? ஒரு நூல் தப்பா? அரை நூல்? வச்சிப் பாரும்மா."

வைத்துப் பார்த்தேன். கிண் என்றது.

"ஆடுது," என்றாள் அக்கா. "அம்மா இருக்கறப்ப ஆடல."

"அப்பவும் ஆடிச்சிக்கா."

"ஆடலடி. எனக்குத் தெரியாதா? நீ எங்க இருந்த பாக்கறதுக்கு?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே கேட்டது. எனக்கும் கேட்டது. பக்கத்துக் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஊசியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். ஒரு தகடு உள்ளே போகுமா போகாதா என்று பார்க்கிற அதே பார்வை.

"சின்னப் புள்ளையில இருந்தேனே," என்றேன். "ஊறுகா திருடினது யாரு? சத்தம் கேட்டு அம்மா ஓடி வரும். ஆடாத மூடின்னா நான் மாட்டியிருக்கவே மாட்டேன்."

அக்கா யோசித்தாள். "அது சரி," என்றாள். பிறகு, "நீ மாட்டின. நான் மாட்டல," என்றாள்.

அவர் மறுபடி தைக்க ஆரம்பித்தார். "ஜாடி இப்ப யார் ஊட்ல?"

"என் ஊட்ல," என்றாள் அக்கா. "இவளுக்கு ஊறுகா போடத் தெரியாது. வந்து சாப்புட்டுப் போவா."

"தயிர்ச் சட்டி?"

"இன்னாது?"

"இந்த மூடி இத்தன நாளா எதையோ மூடிகினு இருந்திச்சே. அது இப்ப தெறந்து கெடக்குமே. அதோட மூடி இன்னா ஆச்சி? ஒடஞ்சிதா, தொலஞ்சிதா, வேற ஊட்ல கீதா?"

அவரிடம் தயிர்ச் சட்டி பற்றி அக்கா பேசவே இல்லை. நான் சொன்னதாகவும் நினைவில்லை. ஒருவேளை அந்த மணப்பெண் அறையின் கதவு சரியாகச் சாத்தவில்லையோ என்னவோ. அக்கா அதையெல்லாம் யோசிக்கவில்லை. குழாய்த் திட்டில் சாய்ந்து நின்றுகொண்டு ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குக் கரண்ட் இல்லை, கேஸ்காரன் வேறு வந்துவிட்டான், அவனுக்குச் சில்லறை தேடப் போன நேரத்தில் எதிர் வீட்டுப் பையன் பந்தை ஜன்னல் வழியாக அடித்தான், அந்தப் பந்து நேராக வந்து, ஆனால் மூடியில் படவில்லை, முறத்தில் பட்டு, முறம் சாய்ந்து...

அவர் ஊசியைக் கையில் பிடித்தபடி கடைசி வரை கேட்டார். ஒரு இடத்தில்கூடக் குறுக்கிடவில்லை. முடிந்ததும் தைத்து முடித்திருந்த கோணிப்பையின் வாயைப் பிரித்தார். முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவி, ஓரத்தில் பச்சைக் கோடு போட்ட ஒரு மூடியை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். சட்டியைப் பார்க்காமல், அளக்காமல். அவர் அளக்காமல் எதையும் கொடுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஷேர் ஆட்டோ மண்டப வாசலில் நின்றது. இரண்டு கோணிப்பைகளையும் நாங்கள் ஏற்றிக் கொடுத்தோம். உள்ளே மூடிகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துச் சலசலத்தன. நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஓரமாக உட்கார்ந்தார். அக்கா அந்தப் பச்சைக் கோட்டு மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இது சரியா உக்காருமாங்க?"

ஆட்டோ கிளம்பிவிட்டது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"அரை நூல் ஆடும்மா. ஆடட்டும்."